லீவர் ரைஃபிள் வாங்குமுன்: காட்டின் தூரத்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

நான் வாங்கிய முதல் லீவர் ரைஃபிள் என்னிடம் எட்டு மாதம்தான் இருந்தது. பென்சில்வேனியாவில் ஒரு சிறு நகரத்துக் கடை. கடைக்காரர் அதைச் சுவரிலிருந்து எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து காட்டி, என் கையில் கொடுத்தார். லீவரைக் கீழே தள்ளினேன்; மேலே இழுத்தேன். எண்ணெய் போட்ட இரும்பு கீழே போகும்போது ஒரு சொல்லும் மேலே வரும்போது ஒரு சொல்லுமாகப் பேசியது. அந்த ஓசைக்கே பணத்தைக் கொடுத்துவிட்டேன். காலிபர் (குழலின் உள்விட்டமும் அதற்கேற்ற தோட்டாவும்) .45-70. கரடியைக் கிடத்தும் தோட்டா என்று பெருமையாக வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

சுடும் தளத்தில் பத்தாவது தோட்டாவில் தோள் கன்றிப்போனது. பதினைந்தாவதில் விசையை அழுத்துவதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. அந்த நவம்பரில் காட்டுக்குப் போனபோதுதான் இன்னொன்று உறைத்தது: நான் உட்காரும் மரத்தடியிலிருந்து 80 கெஜத்துக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது. அங்கே நடமாடுவது வெண்வால் மான். அதற்கு இந்தப் பீரங்கி எதற்கு?

முதலில் ஓசை, பிறகு அழகு, பிறகு பெயர், பிறகு காலிபர், எல்லாவற்றுக்கும் கடைசியில் தூரம். இதுதான் நான் போன வழி. அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் சரியான வழி கிடைத்துவிடும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

தொடங்கும் முன், பேசும் மொழி

லீவர் ரைஃபிளில் விசைக்குக் கீழே வளையமாக ஒரு கைப்பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளினால் போல்ட், அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் உருளை, பின்னுக்கு வந்து, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே எறியும். போகிற போக்கில் குதிரையையும் மடக்கி வைக்கும். மேலே இழுத்தால் உள்ளிருக்கும் ஒரு சிறு தூக்குத் தட்டு, குழலுக்குக் கீழுள்ள குழாயிலிருந்து வந்த புதிய தோட்டாவை உயர்த்திக் கொடுக்க, போல்ட் அதைக் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வெடிக்கும் கை ஒருமுறை போய்வர வேண்டும். எனவே இது தானியங்கி வகையில் சேராது. சட்டம் பேசும்போது இது உதவும்.

பின்னால் சுத்தியல்போல் மடங்கி நிற்கும் உறுப்பைக் குதிரை என்றே எழுதுகிறேன். நாட்டுத் துப்பாக்கிக்கு நம்மவர்கள் வைத்த பெயர் அது. அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. தோட்டா என்றால் கூடு, மருந்து, பிரைமர் (அடியில் அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்றால் பறந்து போகும் உலோகம் மட்டும்.

வரலாறு நீளமானது, தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். 1860இல் வந்த ஹென்றி ரைஃபிள் ஒரே நிரப்பலில் 16 தோட்டா கொண்டது. 1866இல் வின்செஸ்டர் பக்கவாட்டில் தோட்டா செருகும் வாயிலைச் சேர்த்தது. 1873, 1886, 1892, 1894 என்று மாடல்கள் தொடர்ந்தன. இவற்றில் கடைசி மூன்றும் ஜான் பிரௌனிங்கின் மூளையில் பிறந்தவை. மார்லின் 1889இலேயே வெற்றுக் கூட்டை மேலே எறியாமல் பக்கவாட்டில் எறியும்படி செய்துவிட்டது. இன்று கடைச் சுவரில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை இந்தப் பழைய வரைபடங்களின் பேரப்பிள்ளைகள்தாம்.

முதல் படி: சட்டப்படி வைத்திருக்க முடியுமா?

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர் சறுக்கும் இடம் இது. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமில்லா விசாவில் நாட்டுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விலக்கை நம்பி வாங்குகிறவர்கள் உரிமம் முடியும் தேதியை மறந்துவிடக் கூடாது. பென்சில்வேனியாவில் உரிம ஆண்டு ஜூன் 30உடன் முடிகிறது. ஜூலை முதல் தேதி உங்கள் அலமாரியில் இருக்கும் ரைஃபிள் சட்டத்தின் கண்ணில் வேறு பொருளாகிவிடும். ஐயம் இருந்தால் வாங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். குடியேற்ற நிலையைப் பணயம் வைக்கும் அளவுக்கு எந்த ரைஃபிளும் உயர்ந்ததில்லை.

கடையில் வாங்கும்போது படிவம் 4473ஐ நிரப்ப வேண்டும். பின்னணிச் சோதனை நடக்கும். உரிமக் கடையில் ரைஃபிள் வாங்கக் கூட்டாட்சிச் சட்டம் சொல்லும் குறைந்த வயது 18. சில மாநிலங்கள் இன்னும் கூட்டியிருக்கின்றன. கனடாவில் முதலில் பாதுகாப்புப் பயிற்சி, பிறகு உடைமை உரிமம், அதன் பிறகுதான் கடை. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அங்கே பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாநில வேட்டை விதிகளையும் இப்போதே படியுங்கள், ஏனென்றால் காலிபரையே அவை தீர்மானித்துவிடலாம். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் பாதித் தானியங்கி ரைஃபிள் கூடாது, லீவர் கூடும். ஒஹையோவில் மானுக்கு நேர்சுவர்க் கூடுள்ள தோட்டாதான் அனுமதி, கழுத்துச் சுருங்கிய .30-30 அங்கே செல்லாது, .45-70 செல்லும். இந்த வகை மாநிலங்களுக்காகவே 2023இல் .360 பக்ஹேமர் என்ற புதுத் தோட்டா வந்தது. அதற்கு அடிப்படை .30-30இன் கூடுதான், கழுத்தை மட்டும் நிமிர்த்தியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது.

இரண்டாம் படி: தூரத்தை அளப்பது

இதற்குச் செலவு ஒன்றுமில்லை. வேட்டைக் காலத்துக்கு முன் நீங்கள் உட்காரப்போகும் இடத்துக்குப் போங்கள். உட்காருங்கள். ஒரு மான் நின்றால் அதன் தோளைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய கடைசி இடம் எது என்று ஒவ்வொரு திசையிலும் குறித்துக்கொள்ளுங்கள். எழுந்து அந்த இடம் வரை நடந்து அளந்துவிட்டு வாருங்கள். லேசர் அளவி இருந்தால் இன்னும் எளிது.

என் இடத்தில் கிடைத்த எண்கள் இவை: ஓடைப் பக்கம் 45 கெஜம், ஓக் மரங்கள் பக்கம் 80, பின்னால் புதர் அடர்ந்த பக்கம் 30. மின்கம்பி செல்வதற்காக மரம் வெட்டிய வழி ஒன்றில் மட்டும் 160. கடைக்குப் போகும் முன் இந்த நான்கு எண்களும் கையில் இருந்திருந்தால் என் பணம் தப்பியிருக்கும்.

150 கெஜத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டால் லீவர் ரைஃபிள் உங்களுக்கென்றே செய்யப்பட்டது. குட்டையானது, தட்டையானது, ஒரு கையில் நடுவில் பிடித்துக் காடெல்லாம் தூக்கித் திரியலாம். மேற்கு மாநிலங்களின் வெட்ட வெளியில் 300 கெஜத்தில் எல்க் என்ற பெரிய மானைத் தேடுகிறவர் என்றால் போல்ட் ரைஃபிள் வாங்கிக்கொள்ளுங்கள். லீவரில் பிடிவாதம் இருந்தால் கீழே வரும் பிரௌனிங் பி.எல்.ஆர். பகுதியைப் பாருங்கள். மெல்லிய குழலும், மருந்தைச் சிக்கனமாகக் கொண்ட தோட்டாவும் வெகு தூரத்துக்கு வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: காலிபர்

.30-30. லீவர் ரைஃபிள் என்றாலே அமெரிக்கக் கிழக்குக் காடுகளில் இதுதான் நினைவுக்கு வரும். 1895இல் வின்செஸ்டர் 94க்காக வந்தது. பெயரில் உள்ள முதல் 30, காலிபர். இரண்டாவது 30, அதில் முதலில் அடைத்த புகையில்லா மருந்தின் அளவு, 30 கிரெய்ன் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சிறு எடை அளவு). 150 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 2,390 அடி வேகத்தில் கிளம்பும். ஆனால் அதன் மூக்கு தட்டையானது. காற்று அதை விரைவில் களைப்படையச் செய்துவிடும். 200 கெஜத்துக்குள் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் இழந்துவிடும். 150 கெஜத்தில் நேராக விழும்படி குறியைச் சரிசெய்தால் 100இல் சுமார் 2 அங்குலம் மேலேயும் 200இல் 4 அல்லது 5 அங்குலம் கீழேயும் படும். அதாவது என் ஓக் மரங்கள், ஓடை, மின்கம்பி வழி எல்லாவற்றுக்கும் தோளை நோக்கிக் குறி வைத்தாலே போதும். உதையும் தாங்கக்கூடியது. இதன் தோட்டா சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். மானுக்கும் கருங்கரடிக்கும் இது போதும். ஒரே ஒரு லீவர் ரைஃபிள் வாங்கப்போகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

.357 மேக்னம், .44 மேக்னம். இவை கைத்துப்பாக்கித் தோட்டாக்கள். ஆனால் நீண்ட குழலுக்குள் போனதும் குணம் மாறிவிடும். மருந்து எரிந்து முடிக்க இடம் கிடைப்பதால் .357இன் 158 கிரெய்ன் குண்டு, ரிவால்வரில் 1,250 அடியாக இருந்த வேகத்திலிருந்து ரைஃபிளில் 1,700ஐயும் தாண்டும். அதே ரைஃபிளில் விலை குறைந்த .38 ஸ்பெஷலையும் சுடலாம். உதை என்று சொல்ல ஒன்றுமிராது. பழகுவதற்கு இதைவிட இனிமையான துப்பாக்கி இல்லை. மானுக்கு .357 என்றால் 75 கெஜத்துக்கு மேல் நான் போகமாட்டேன்; .44 என்றால் 100, மிஞ்சினால் 125. ஒரு சிறு எச்சரிக்கை: முன்பக்கம் முழுத் தட்டையாக வெட்டப்பட்ட இலக்குத் தோட்டாக்கள் பல லீவர்களில் ஏறாமல் சிக்கிக்கொள்ளும்.

.45-70. 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்தது. அலாஸ்காவின் பழுப்புக் கரடி நாட்டில் நடப்பவருக்கும் பெரிய காட்டுப்பன்றி, மூஸ் தேடுபவருக்கும் நியாயமான தேர்வு. மற்றவர்களுக்குத் தோள்வலி. இதன் தோட்டாக்கள் மூன்று அழுத்த நிலைகளில் கிடைக்கின்றன: பழைய ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள்களுக்கானவை, இன்றைய லீவர்களுக்கானவை, வலுவான ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களுக்கானவை. மூன்றும் ஒரே அறைக்குள் நுழையும். நுழைகிறதே என்று சுட்டுவிடக் கூடாது. பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் உங்கள் ரைஃபிளின் கையேட்டையும் சேர்த்து வைத்துப் படியுங்கள்.

.35 ரெமிங்டன், .444 மார்லின் போன்றவை நல்லவைதாம், ஆனால் தோட்டாவைத் தேடி அலைய வேண்டும். புதியவருக்கு வேண்டாம்.

.22 லாங் ரைஃபிள். அணில், முயல், தகர டப்பா. ஒருவேளை நீங்கள் முதலில் வாங்க வேண்டியதே இதுவாக இருக்கலாம். லீவரை முழுதாகத் தள்ளி முழுதாக இழுக்கும் பழக்கம் ஆயிரம் முறை செய்தால்தான் கைக்கு வரும், ஆயிரம் .30-30 தோட்டாவுக்கு ஆகும் பணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹென்றியின் அடிப்படை .22 மாடலும் பிரௌனிங் பி.எல்.-22உம் கேட்டு வாங்கத் தக்கவை. பின்னதில் லீவர் 33 பாகை மட்டுமே நகரும், விரலசைவு போலிருக்கும்.

நான்காம் படி: குழாயா, பெட்டியா?

பெரும்பாலான லீவர்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு அடுத்ததன் முதுகில், சரியாக அதன் பிரைமரின் மேல் உட்கார்ந்திருக்கும். மூக்கு கூராக இருந்து, துப்பாக்கி உதைக்கும்போது அது பிரைமரைக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம், உங்கள் இடது கைக்கு ஓர் அங்குலத்துக்குள். எனவேதான் குழாய்க்குத் தட்டை மூக்கு அல்லது மழுங்கிய மூக்குக் குண்டு. ஹார்னடியின் லீவர்எவல்யூஷன் தோட்டாக்களில் கூர்முனை இருந்தாலும் அது ரப்பர் போல மெத்தென்ற பாலிமர். அது குத்தாது, அமுங்கும். கூர்முனை என்றால் அந்த வகை மட்டும். மற்ற எதையும் குழாயில் போடாதீர்கள்.

தோட்டா நிரப்பும் வழியும் இரண்டு. வலப்பக்க வாயில் வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளுவது ஒன்று. கடைசித் தோட்டாவைத் தள்ளும்போது வில்சுருள் எதிர்த்து நிற்கும். கட்டைவிரலின் நகக்கண் வாயிலின் விளிம்பில் மாட்டும். புது ரைஃபிளில் அந்த விளிம்பு பிளேடு போல இருக்கும். எனக்கு முதல் வாரம் முழுவதும் தோல் உரிந்தது. கடையில் விரலால் தடவிப் பாருங்கள். ஹென்றியின் பழைய பாணியில் முன்பக்கக் குழாயை உருவி மேலிருந்து போட வேண்டும், விரல் தப்பும். வேட்டை முடிந்தபின் ஒவ்வொரு தோட்டாவையும் அறைக்குள் ஏற்றி இறக்காமல் குழாயைச் சாய்த்தே காலி செய்துவிடலாம் என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் நடுவில் இரண்டு தோட்டா சேர்க்க வேண்டுமானால் வாயில்தான் வசதி. 2019 முதல் ஹென்றி இரண்டு வழியும் உள்ள மாடல்களைத் தருகிறது.

குழாயே வேண்டாம் என்றால் பிரௌனிங் பி.எல்.ஆர். கழற்றி மாட்டும் பெட்டி, பல்சக்கரத்தால் ஓடும் போல்ட், .308, .243, .30-06 போன்ற கூர்முனைத் தோட்டாக்கள். லீவரோடு விசையும் சேர்ந்தே இறங்குவதால் விரல் நசுங்காது. வீட்டில் பிரித்துச் சுத்தம் செய்ய முயலாதீர்கள். சக்கரப் பற்கள் ஒன்று தள்ளி உட்கார்ந்தால் மீண்டும் கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டியதுதான். பழையதில் சாவேஜ் 99 இருக்கிறது: வெளியே தெரியாத குதிரை, சுழலும் உருளையில் தோட்டாக்கள், பழைய பிரதிகளில் எத்தனை மிச்சம் என்று காட்டும் சிறு எண் சாளரம். இப்போது அதைத் தயாரிப்பதில்லை. நல்ல நிலையில் ஒன்று கண்ணில் பட்டால் நான் விடமாட்டேன்; இங்கே மட்டும் என் அறிவுரையை நானே மீறுவேன்.

ஐந்தாம் படி: தயாரிப்பும் மாடலும்

காலிபர் முடிவானபின் இது எளிது. .30-30 என்றால் மார்லின் 336, வின்செஸ்டர் 94, ஹென்றி மூன்றும்தான் பேச்சு.

மார்லின் 336 (1948 முதல்) கெட்டியான மேற்கூரையும் பக்கவாட்டு வெளியேற்றமும் கொண்டது. தொலைநோக்கி மாட்டக் கேள்வியே இல்லை. லீவர் திருகாணி ஒன்றைக் கழற்றினால் லீவர், போல்ட், கூடெறியும் உறுப்பு மூன்றும் கையோடு வந்துவிடும். குழலைப் பின்பக்கத்திலிருந்து துடைக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் மார்லின் கட்சி. மார்லின் நிறுவனம் 2020இல் ருகர் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் கைக்கு வந்தது. இப்போது வட கரோலினாவில் தயாராகிறது. புது 336இன் விலை ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது.

வின்செஸ்டர் 94 இன்னும் ஒல்லி, இன்னும் எடை குறைவு; கையில் தூக்கி நடக்க அதற்கு இணையில்லை. 70 லட்சத்துக்கும் மேல் தயாரானது. பழையவை கூட்டை நேர் மேலே எறியும், எனவே தொலைநோக்கி வைக்க இடமில்லை. 1980களில் சாய்வாக எறியும்படி மாற்றினார்கள். நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடப்பட்டது. இன்றைய 94 ஜப்பானில் மிரோக்கு என்ற நிறுவனம் செய்வது. ஜப்பான் என்றதும் முகம் சுளிப்பவர்களிடம் ஒன்றை எடுத்து லீவரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்றைய ஹென்றி நிறுவனத்துக்கும் 1860இன் ஹென்றிக்கும் பெயர் மட்டுமே உறவு. இது 1990களில் தொடங்கியது. செயல் வழுவழுப்பானது, கொஞ்சம் கனமானது. பித்தளை மேனி பார்க்க அழகு. காட்டில் கண்ணாடி போல மின்னும்.

.357, .44 தேடுபவர்கள் பிரேசிலில் தயாராகும் ராசி ஆர்-92ஐப் பாருங்கள். 1892 வரைபடம், 16 அங்குலக் குழலில் எடை சுமார் 5 பவுண்டு. மெருகு குறைவாக இருக்கலாம், விலையும் குறைவு. சில நூறு முறை ஓட்டியபின் தானாகவே இளகும்.

தோளில் வைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டையும் விளக்கு மாட்டும் துளைகளுமாக ஒரு புது வகை இப்போது எங்கும் தெரிகிறது. மழைக்குத் தாங்கும், உண்மைதான். எனக்குப் பிடிக்கவில்லை; அது குறையாகாது. மிகப் பெரிய வளைய லீவர் வேறு விஷயம்: தடித்த கையுறை போடுகிறவருக்கு உதவும், மற்றவர்களுக்குக் கிளையில் மாட்டும்.

ஆறாம் படி: போட்டிக்கு வாங்குகிறவர்கள்

வேட்டையில் ஈடுபாடு இல்லாதவர்கள் மேலே சொன்ன பாதியை மறந்துவிடலாம். கௌபாய் சுடுதல் என்ற விளையாட்டை எஸ்.ஏ.எஸ்.எஸ். என்ற சங்கம் 1980களிலிருந்து நடத்திவருகிறது. பழங்கால உடை, ஒவ்வொரு வெடிக்கும் குதிரையைக் கையால் மடக்க வேண்டிய ஒற்றைச் செயல் ரிவால்வர் இரண்டு, ஒரு ஷாட்கன், கைத்துப்பாக்கிக் காலிபரில் வெளிக்குதிரை உள்ள ஒரு லீவர் ரைஃபிள். இலக்கு கைக்கெட்டும் தூரத்தில்; போட்டி கடிகாரத்தோடு. இங்கே வலிமை தேவையில்லை, வேகமும் வழுவழுப்பும்தான். எனவே முன்னணி ஆட்டக்காரர்கள் கையில் பெரும்பாலும் இத்தாலியின் உபெர்ட்டி செய்யும் 1873 பிரதியே இருக்கும். அதன் உள்ளே முழங்கால் போல மடங்கி நிமிரும் இணைப்பு இருக்கிறது, பட்டுப்போல ஓடும். லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் உதிரிகளும் விற்கிறார்கள். அந்த இணைப்பு வலுவானதன்று, அதில் மென்மையான .38 ஸ்பெஷல் போட்டால் துப்பாக்கியும் தோளும் பல்லாண்டு வாழும்.

நிதானக்காரர்களுக்கு லீவர் சில்லவுட் போட்டி: 50, 100, 150, 200 மீட்டரில் முறையே கோழி, பன்றி, வான்கோழி, செம்மறி உருவ இரும்புத் தகடுகள். நின்றபடி, தொலைநோக்கி இல்லாமல். தகட்டில் பட்டால் மட்டும் போதாது, அது விழ வேண்டும். 200 மீட்டரில் செம்மறியைச் சாய்க்க .30-30 தாராளம். மான் காட்டுக்கு வாங்கிய அதே ரைஃபிளே போதும், புதிதாக ஒன்றும் வேண்டாம்.

ஏழாம் படி: தோளில் வைத்துப் பார்ப்பது

கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வையுங்கள். கண்ணைத் திறக்கும்போது குறி நேராகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேட வேண்டியிருந்தால் கட்டையின் நீளம் உங்களுக்குப் பொருந்தவில்லை. கடைச் சுவரில் தொங்குபவை பெரும்பாலும் நீண்ட கைக்காரர்களுக்கு அளவெடுத்தவை. என்னைப் போன்றவர்களுக்கு அரை அங்குலம் குறைக்க வேண்டியிருக்கும். நவம்பரில் போடப்போகும் தடித்த சட்டையோடு போய்ப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ரைஃபிளோடு வரும் பின்குறி, மான் கொம்பு போல இரு பக்கமும் வளைந்தது. அது இலக்கின் பாதியை மறைத்துவிடும். அதைக் கழற்றிவிட்டு வட்டத் துளைக் குறி ஒன்று போடுங்கள். கண் தானாகவே முன்குறியை வட்டத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். காட்டின் மங்கிய வெளிச்சத்தில் இதற்கு நிகரில்லை. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு முன்குறி கலங்கினால் 1-4 மடங்குச் சிறு தொலைநோக்கி போதும். அது குதிரையின் மேல் கவிவதால் கட்டைவிரலுக்கு இடமிராது. குதிரையில் பக்கவாட்டு நீட்டிப்பு ஒன்று திருக வேண்டும்.

எட்டாம் படி: குதிரையை இறக்கப் பழகுவது

இதைப் பயிற்சி செய்யாமல் காட்டுக்குள் போகாதீர்கள். அறையில் தோட்டா இருக்கிறது, குதிரை மடங்கி நிற்கிறது, மான் போய்விட்டது. இப்போது சுடாமல் குதிரையைப் பாதி மடங்கிய நிலைக்கு இறக்க வேண்டும். குழல் மண்ணை நோக்கி இருக்க வேண்டும். கட்டைவிரலால் குதிரையை உறுதியாகப் பிடித்து, விசையை அழுத்தி, குதிரை விடுபட்ட உடனேயே விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மெல்ல இறக்க வேண்டும். குளிரில் மரத்த விரலுக்கு இது எளிதன்று. வெற்றுத் துப்பாக்கியில், வீட்டில், கையுறையோடும் இல்லாமலும் நூறு முறை செய்யுங்கள். பிற்கால மாடல்களில் குறுக்குப் பொத்தான் பூட்டோ கட்டையின் மேல் நழுவும் பூட்டோ இருக்கும். பழைய விரும்பிகள் அதைத் திட்டுவார்கள். இறக்கும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள். திட்டுபவர் உங்களோடு காட்டுக்கு வரப்போவதில்லை.

ஒன்பதாம் படி: பழையது வாங்கினால்

என் இரண்டாவது ரைஃபிள் பழைய 336. அதைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். பழையதில் நான் பார்ப்பவை இவை. உள்ளே தோட்டா இல்லை என்று நீங்களே திறந்து, கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். குழலின் வாயில் விளக்கடித்துப் பாருங்கள். முன்பக்கத்திலிருந்து தடியை விட்டுத் துடைத்துத் தேய்த்த குழலில், உட்சுவரில் சுருளாக வெட்டிய வரிகள் வாயோரத்தில் மழுங்கியிருக்கும். 94இல் இது அதிகம். திருகாணித் தலைகளைப் பாருங்கள்: பிளவு சிதைந்திருந்தால் யாரோ சரியில்லாத கருவியோடு உள்ளே போய்வந்திருக்கிறார்கள். கட்டை இரும்போடு சேரும் இடத்தில் பின்னோக்கி ஓடும் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். கடைக்காரர் அனுமதித்தால் மருந்தும் பிரைமரும் இல்லாத பயிற்சித் தோட்டாக்கள் ஐந்தைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. மெதுவாக ஓட்டும்போது சிக்கினால் தூக்குத் தட்டு தேய்ந்திருக்கலாம்.

மார்லினில் குழல் இரும்பு மேனியோடு சேரும் இடத்தருகே ஜே.எம். என்ற முத்திரை இருந்தால் பழைய ஆலையில் பிறந்தது. அதற்காக விலையை ஏற்றிச் சொல்வார்கள். வின்செஸ்டரில் 1964க்கு முந்தியது என்ற சொல் அதே வேலையைச் செய்யும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை, கொஞ்சம் பக்தி. தேய்ந்த ஜே.எம்.ஐவிடத் தேயாத மற்றொன்று மேல்.

பத்தாம் படி: முதல் நாள் தளத்தில்

புதியதானாலும் பழையதானாலும் குழலில் தடவியிருக்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் போங்கள். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு. வேட்டையில் சுடப்போகும் அதே தோட்டாப் பெட்டியை எடுத்துச் செல்லுங்கள். வேறு எடையில் குறி வேறு இடத்தில் படும். முதலில் 25 கெஜத்தில் மூன்று, தாளில் விழுகிறதா என்று. பிறகு 100 கெஜம். மேசையில் வைத்துச் சுடும்போது குழலைக் கல்லின் மேல் வைக்காமல் முன்கட்டையை மணல்மூட்டையில் வையுங்கள். மெல்லிய குழல் எதன்மேல் சாய்ந்தாலும் குறி நகரும். ஐந்து தோட்டாவுக்கு ஒருமுறை ஆறவிடுங்கள். குறி சரியானதும் மேசையை விட்டு எழுந்து, நின்றும் மண்டியிட்டும் 50 கெஜத்தில் சுடுங்கள். காட்டில் மேசை கிடையாது.

லீவரை ஓட்டும்போது தயங்காதீர்கள். மென்மையாகக் கையாளுகிறேன் என்று பாதி தூரம் தள்ளி நிறுத்தினால்தான் தோட்டா குறுக்கே மாட்டும். அடிவரை தள்ளி, முடிவரை இழுக்க வேண்டும். 94இலும் 336இலும் லீவர் கட்டையோடு ஒட்டி அழுந்தினால்தான் விசை வேலை செய்யும். வெடிக்கவில்லையே என்று துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கும் முன், குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு, பிடியை இறுக்கிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் லீவர் திருகாணியைப் பாருங்கள். நாற்பது தோட்டா சுட்டபின் என்னுடையது கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு, திருகாணித் தலையிலிருந்து இரும்பு மேனி வரை மனைவியின் சிவப்பு நகப்பூச்சில் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவைத்தேன். கோடு நேராக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பையில் வைக்கும் முன் பார்க்கிறேன்.